டாக்டர் அம்பேத்கார் படித்த கதை



டாக்டர் அம்பேத்காரின் படத்தைப் பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு தடித்த புத்தகம். இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவர் என்று பாடப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். அந்தச் சட்டத்தின் கதையை இந்த மலரில் விரிக்கப் போவதில்லை. அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்து சேர்ந்த கதை இருக்கிறதே, அதைத்தான் சொல்லப் போகிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னால், இங்கே துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற ஒரு தகப்பனார், இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு என்னிடம் வந்தார். பசியாறக்கூட இல்லை. மகள் பட்டப் படிப்பை முடிக்கப் போகிறாள், மேலே பொது நிர்வாகத்தில் எம்.ஏ. மாதிரி ஏதோ படிக்கணும் என்கிறாள், ஒரு பட்டம் வாங்கியாச்சே, அரசாங்க வேலைக்கு அது பத்தாதா என்று கேட்டார். அவருடைய அப்பா ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் கிராணியார் உத்தியோகத்தையே ஆகாயத்தில் இருப்பதாக நினைத்து அண்ணாந்து பார்த்த குடும்பம். அந்த வீட்டில் பட்டம் என்பதே மலையேறிய மாதிரி. மலைக்கு மேல் இன்னொரு மலை என்றால் யாருக்குத்தான் மலைப்பு வராது? அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இப்போது முழுசாக எழுதுகிறேன்.

பீமராவ் அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். தகப்பனார் ராம்ஜி, பட்டாளத்தில் சுபேதார். வீட்டில் இவர் பதினாலாவது பிள்ளை. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த மகார் சமூகம். சாத்தாராவில் பள்ளிக்கூடம் போனபோது, உட்காருவதற்கு வீட்டிலிருந்தே ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு போவார். தாகம் எடுத்தால் பானையைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து மேலேயிருந்து ஊற்றினால் உண்டு. பியூன் வராத அன்றைக்குத் தண்ணீரும் கிடையாது. பிற்பாடு பம்பாயில் படிக்கும்போது சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். உனக்குக் கிடையாது என்றார்கள். பாரசீக மொழியை எடுத்துக்கொண்டார்.

பம்பாயில் பரேல் என்ற பகுதி. நம்முடைய ஜூரோங், துவாஸ் மாதிரி தொழிலாளிகள் வாழ்ந்த இடம், அங்கே ஆலைகள் பஞ்சாலைகள். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒற்றை அறை. சமையல், சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. சத்தம் அடங்கினால்தானே பையன் படிக்க முடியும்? ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். பையன் சீக்கிரமே படுத்துவிடுவான். தகப்பனார் நடுநிசி தாண்டி இரண்டு மணிவரை விழித்திருந்து, அவனை எழுப்பி விளக்கடியில் உட்கார வைத்துவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் இரண்டு ஷிஃப்ட்! புத்தகம் வாங்கக் காசில்லாத மாதங்களில் ராம்ஜி, கட்டிக் கொடுத்த மகள் வீட்டு வாசலில் போய் நிற்பார். அவளிடமும் இல்லையென்றால் அடுத்த மகள் வீடு. அவள் நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அது அடகுக் கடைக்குப் போகும். பென்ஷன் பணம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அக்காமார்களின் நகை எத்தனை தடவை அந்தக் கடைக்குப் போய்த் திரும்பியதோ!

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்தச் சமூகத்தில் அது பெரிய அதிசயம், ஆகவே ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. நாம் இன்று நடத்துகிற பரிசளிப்பு விழா போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விழாவில் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பரிசு கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பையனின் படிப்பு பணமில்லாமல் நிற்கிறது என்று தெரிந்ததும், அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட்டின் முன்னால் நிறுத்தினார். மகாராஜா சில கேள்விகள் கேட்டுவிட்டு மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் தந்தார். கல்லூரியில் முல்லர் என்ற பேராசிரியர் புத்தகமும் கொடுத்தார், உடுப்பும் கொடுத்தார். 1912-ல் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. பட்டம் வாங்கியாச்சு.

என்னைக் கேட்ட தகப்பனார் நினைத்த மாதிரி, கதை அங்கே முடிந்திருக்கலாம். 21 வயது. கல்யாணம் பள்ளிக்கூடப் பருவத்திலேயே ஆகிவிட்டது, மனைவி ராமாபாய். வயதான அப்பா. பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகமும் கிடைத்தது. 1913 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வாரம் ஆகியிருக்கும், தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி. ரயில் ஏறினார். நடுவழியில் சூரத் ஸ்டேஷனில், அப்பாவுக்குக் கொடுக்க இனிப்பு வாங்கலாம் என்று இறங்கினார், ரயில் போய்விட்டது. மறுநாள்தான் வீடு வந்து சேர முடிந்தது. பிப்ரவரி 2-ந் தேதி ராம்ஜி கண்ணை மூடினார். இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட மனிதர் பி.ஏ. பட்டத்தை மட்டும்தான் பார்த்தார்; அதற்கு மேல் வந்த எதையும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் பரோடா மகாராஜா, சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பி மேல்படிப்புப் படிக்க வைக்கும் யோசனையில் இருந்தார். அம்பேத்காருக்கு இடம் கிடைத்தது. மாதம் 11½ பவுன், மூன்று வருடம். சும்மா கிடைக்கவில்லை. 1913 ஜூன் 4-ந் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்: படித்து முடித்துத் திரும்பியதும் பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்யவேண்டும். சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இது புரியாத விஷயம் இல்லை. இங்கே பொதுச் சேவை ஆணையம் தருகிற உபகாரச் சம்பளத்துக்கும் நான்கு முதல் ஆறு வருடம்வரை கட்டுப்பாடு உண்டுதானே? அதே வழிதான், நூறு வருடத்துக்கு முன்னால்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே யாரும் அவரைக் கோணிப்பையில் உட்காரச் சொல்லவில்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டார். நவல் பாத்தேனா என்ற பார்சி நண்பர் அறைத் தோழர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வரும். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானிடவியல் என்று வகுப்பு வகுப்பாய்ப் போய் உட்கார்ந்தார். பொதுப் பணத்தைப் பற்றிய பாடத்தில் பேர்பெற்ற செலிக்மன், தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி போன்றவர்கள் ஆசிரியர்கள். வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சிய காசு பழைய புத்தகக் கடைக்கு. 1915-ல் எம்.ஏ. அதோடு நிற்காமல் அடுத்த ஆராய்ச்சியையும் எழுதிக்கொண்டு, 1916-ல் லண்டனுக்குப் போய் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். பேர்தான் பள்ளி, அது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிய கல்விக்கூடம். கிரேஸ் இன் என்ற இடத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் பெயர் கொடுத்தார்.

ஆனால் மூன்று வருடக் கணக்கு முடிந்துவிட்டதே! உபகாரச் சம்பளம் நின்றது. திரும்பி வா என்று பரோடாவிலிருந்து உத்தரவு. ஆய்வு பாதியில் கிடக்கிறது. அழுது புலம்பாமல் ஒரு காரியம் செய்தார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டார். மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். படிப்பை விட்டுவிட்டு வருவது வேறு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு வருவது வேறு. அவர் தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தக மூட்டைகள், போர்க்காலமானதால் கப்பலோடு கடலில் முழுகின. பரோடாவுக்குப் போகப் பணமில்லை. முழுகிய சாமானுக்கு வந்த நஷ்ட ஈட்டில்தான் போனார்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு எப்போது படித்தாலும் நெஞ்சை அடைக்கிற பகுதி. கொலம்பியாவில் எம்.ஏ., லண்டனில் ஆராய்ச்சி, பரோடா மகாராஜாவின் சொந்தத் தேர்வு. அப்பேர்ப்பட்டவர் 1917 செப்டம்பரில் பரோடாவில் போய் இறங்கினால், தங்குவதற்கு ஓர் அறை இல்லை! இந்து ஓட்டல் எதுவும் இடம் தராது. பார்சிக்காரர்களின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு மாடியில் தங்கினார். விளக்குக்கூடச் சரியாக இல்லாத, ஆள் நடமாட்டமே இல்லாத கூடம். பகலில் கணக்குத் துறை அலுவலகம். அங்கே பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூக்கிப் போட்டார்கள். பதினோராவது நாள் காலையில், அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரம், ஒரு டஜன் பார்சிக்காரர்கள் தடியோடு மாடியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டாய், வெளியே போ என்றார்கள். எட்டு மணி நேரம் அவகாசம் கேட்டார். தெரிந்த இரண்டு பேர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஊர்ப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

பத்து வருடம் உழைப்பதாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அந்த விடுதியில் பதினோரு நாளில் முறிந்தது. படிப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு, நானும் பேசியிருக்கிறேன். பரோடாவை நினைத்தால் அப்படிப் பேச வாய் வராது.

சொந்த முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஜாதி தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் நழுவினார்கள். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சில பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். சாத்தாராப் பள்ளிக்கூடத்துப் பானை பம்பாய்க் கல்லூரிவரை கூடவே வந்துவிட்டது, பாருங்கள்! மாதம் 450 ரூபாய், அந்தக் காலத்தில் கொழுத்த சம்பளம். ஆனால் குடும்பம் அதே பரேலில், இரண்டே அறையில். ராமாபாய் எண்ணி எண்ணித்தான் செலவு செய்தார். மிச்சமானதெல்லாம் லண்டனுக்கு. கோலாப்பூர் மகாராஜா ஷாகு 1,500 ரூபாய் உதவினார். நவல் பாத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். பரோடாவில் தடியோடு வந்ததும் பார்சிக்காரர்கள்தான், நம்பிப் பணம் கொடுத்ததும் ஒரு பார்சிதான். 1920 ஜூலையில், கதவு மூடுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே, கப்பல் ஏறினார்.

லண்டன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் வயிறு கூசும். வீட்டுக்காரம்மா காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பாள். அதோடு நூலகத்துக்குப் போனால் மூடும்வரை படிப்பு. இரவு பத்து மணிக்கு மேல் பசி குடையும். தெரிந்த இந்தியர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளக் கட்டிலிருந்து நாலைந்தைப் பொரித்து, ஒரு கோப்பைப் பாலோடு சாப்பிட்டுவிட்டு மறுபடியும் புத்தகம். இங்கே பம்பாயிலோ ராமாபாய் பட்ட துன்பத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பதிக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்து போனார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். அப்பா படிக்கப் போன வருடங்களில் அம்மா தனியாகக் குடும்பத்தைத் தாங்கினார். 1935-ல் அவரும் காலமானார். அம்பேத்காரின் பட்டங்களை வரிசையாக எழுதுகிறவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு வரி எழுதலாம்.

1921-ல் எம்.எஸ்ஸி. 1922-ல் பாரிஸ்டர். அடுத்து டி.எஸ்ஸி. என்ற பெரிய பட்டத்துக்கு ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஆராய்ச்சி எழுதிக் கொடுத்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நாணயக் கொள்கையைத் தயவு தாட்சணியம் இல்லாமல் விமர்சித்த எழுத்து. திருத்தி எழுதித் தா என்று பரீட்சகர்கள் திருப்பிவிட்டார்கள். கையில் பணம் தீர்ந்துபோயிற்று. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, வீட்டிலிருந்தபடியே திருத்தி அனுப்பினார், முடிவுகளை மாற்றவில்லை. அந்த ஆண்டிலேயே பட்டம் வந்தது. ஆராய்ச்சி புத்தகமாக வெளிவந்தபோது, தம்முடைய கல்விக்காகத் தியாகம் செய்த தாய் தகப்பனார் நினைவுக்கு அதைச் சமர்ப்பித்தார். கொலம்பியாவில் தொடங்கிய பி.எச்.டி. ஒன்று பாக்கி இருந்ததல்லவா? அதையும் விடவில்லை, 1927-ல் வாங்கினார். பி.ஏ.க்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவில் பதினைந்து வருடம்.

இத்தனை படித்தது எதற்கு? அந்த தகப்பனார் கேட்டதும் இதுதானே. அவர் படித்த விஷயத்தைப் பாருங்கள். கொலம்பியா பி.எச்.டி. ஆராய்ச்சி, மத்திய அரசாங்கத்துக்கும் மாகாணங்களுக்கும் வரிப் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்பது. கூட்டுக் குடும்பத்தில் நாலு பேர் சம்பாத்தியம் ஒரே பெட்டியில் விழுகிறது. மருத்துவச் செலவு யாருக்கு, பள்ளிச் செலவு யாருக்கு என்று பிரிக்கிறதில்தானே சண்டை? நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு. பி.ஏ. படித்தவர் அந்தக் கணக்கை எழுதிவைக்கிற குமாஸ்தாவாக இருக்கலாம். கணக்கு ஏன் இப்படி இருக்கிறது, எப்படி மாற்றலாம் என்று கேட்பதற்குத்தான் மேற்படிப்பு. பிற்காலத்தில் அவர் தலைமையில் உருவான அரசியல் சட்டத்தில், வரி வருமானத்தைப் பங்கிடுவது குறித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிந்துரை செய்ய நிதிக் குழு அமைக்கவேண்டும் என்று 280-வது பிரிவு சொல்கிறது. லண்டன் அப்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொல்வார்?

வைசிராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை, 1946-ல் வந்த சட்டத் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. இங்கே ஓவர்டைம் கணக்குப் பார்க்கிற தோழர்களுக்கு அந்த ஆறு மணி நேரத்தின் அருமை தெரியும். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்க அரசாங்கமே பணம் தரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அப்படிப்பட்ட உபகாரச் சம்பளத் திட்டம் 1944-ல் தொடங்கிற்று. ஒரு மகாராஜாவின் மனசை நம்பிப் போனவர், பிறகு வருகிறவர்கள் எந்த மகாராஜா வாசலிலும் நிற்கவேண்டாம் என்று நினைத்திருப்பார் போலும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே வழி இன்னும் சுலபம், ஆனால் வழி இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2004-ல் தொடங்கிற்று. புக்கிட் தீமா வளாகத்தில், 1929-ல் திறந்த பழைய ராஃபிள்ஸ் கல்லூரிக் கட்டடங்களில் அது நடக்கிறது. பொதுக் கொள்கையில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு ஒன்று. ஏற்கெனவே சில வருடம் வேலை பார்த்தவர்களுக்குப் பொது நிர்வாகத்தில் ஒரு வருடப் படிப்பு இன்னொன்று. ஆக, பட்டம் வாங்கிய மறுநாளே மேற்படிப்பில் சேர்ந்தால்தான் உண்டு என்பதில்லை. வேலைக்குப் போய், வீட்டுக் கடனைக் கொஞ்சம் அடைத்து, எந்தத் துறையில் மனசு ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டும் திரும்பிப் படிக்கலாம். அம்பேத்காரும் நடுவில் வேலை பார்த்தவர்தானே! அந்த வெல்டிங் தகப்பனாரிடமும் இதைத்தான் சொன்னேன். மகளை இரண்டு வருடம் வேலைக்கு அனுப்பலாம், ஆனால் பாத்தேனா மாதிரி, பரேல் அக்காமார்கள் மாதிரி, நேரம் வரும்போது பின்னால் நிற்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான் என்றேன். யோசிக்கிறேன் ஐயா என்று போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரி. அந்த ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர். 1949 நவம்பர் 26-ந் தேதி சட்டம் நிறைவேறிற்று. 1952-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1956 டிசம்பர் 6-ந் தேதி டில்லியில் காலமானார்.

இதற்கெல்லாம் முன்னால், 1946-ல், பம்பாயில் அவர் ஒரு கல்லூரி திறந்தார். சித்தார்த்தா கல்லூரி என்று பெயர். புத்தரின் இளமைப் பெயர் அது. பள்ளிப் பையனாக இருந்தபோது கேலுஸ்கர் கொடுத்த பரிசுப் புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறதா? பகலெல்லாம் அலுவலகத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கிற ஏழைப் பிள்ளைகளும் வந்து படிக்கட்டும் என்று, அங்கே வகுப்புகளை விடியற்காலையில் வைத்தார்.